திருப்போரூர்த் தொகுதியும் நமது வாக்கும்

(கேளம்பாக்கத்தில் நடைபெற்ற நம் கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் தேர்தலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நண்பர்கள் இரண்டொருவர் என்னிடம் கேட்டனர். கேள்வி நியாயமானதே. நம் கழகம் எந்தக் கட்சியையும் சார்ந்ததன்று. எதிரே அமர்ந்திருப்போரின் வேட்டிக் கரைகளைப் பார்க்கிறேன். பல வண்ணங்கள் தெரிகின்றன. எனவே யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அவ்வாறு சொல்லத் தொடங்கினால் பாதிப் பேர் எழுந்து போவீர்கள். மீதிப் பேர் கைதட்டுவீர்கள். இரண்டினாலும் எவருக்கும் அறிவு வளராது.

எனினும் இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் நம் மாலை வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் என்னை அணுகி, "ஐயா, திருப்போரூர் இப்போது பொதுத் தொகுதி ஆகிவிட்டதே, இனி நம்மவர்கள் இங்கே நிற்க முடியாதா?" என்று கேட்டான். கல்லூரியில் படிக்கும் பிள்ளை அவன். அவன் கேட்டது எனக்கு வருத்தத்தைத் தந்தது. அவன்மேல் அன்று, இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பு நடத்தியும் இதனைச் சொல்லிக்கொடுக்காத நம்மேல்.

நம் கழகம் தொடங்கிய நாளில் நாம் தனித் தொகுதியில் வாழ்ந்தோம். அதன் வெள்ளி விழாவைப் பொதுத் தொகுதியில் கொண்டாடுகிறோம். தெரு மாறவில்லை, தையூர் ஏரி இடம்பெயரவில்லை, உப்பளத்துக் காற்றும் அப்படியே வீசுகிறது. மாறியது ஓர் அரசாணையில் திருப்போரூர் என்னும் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சொல். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, ஏன் போயிற்று, போனபின் என்ன நடந்தது என்பதே இன்று என் பேச்சு.

முதலில் அந்த மாணவனுக்குரிய விடை. தனித் தொகுதியில் பட்டியல் சாதியினர் மட்டுமே வேட்பாளராக நிற்கலாம். பொதுத் தொகுதியிலோ யாரும் நிற்கலாம், நாமும் நிற்கலாம். சட்டமன்றத் தேர்தலில் நிற்போர் கட்ட வேண்டிய டெபாசிட் தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அது 5,000 ரூபாய். பொதுத் தொகுதியில் நின்றாலும் அந்தப் பாதித் தொகையே போதும். "பொது" என்னும் சொல்லுக்கு "மற்றவருக்குரியது" என்று பொருள் கொள்வது நம் மனத்தில் நெடுங்காலமாகப் படிந்துவிட்ட பிழை. பொதுக் கிணறு, பொதுச் சாவடி, பொது வழி என்பனவெல்லாம் நமக்கு மூடியிருந்த காலத்தில் ஏற்பட்ட பிழை அது.

அந்த வழிகளைத் திறக்கச் சொன்னவர் நம் மாவட்டத்துக்காரர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் 1860-ஆம் ஆண்டு பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது, 1924-இல், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் அரசு அலுவலகங்களிலும் எவ்வகுப்பாரும் தடையின்றிச் செல்லலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். அன்று அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரல்லர், அரசினால் நியமிக்கப்பட்டவர். நம் மக்களில் பெரும்பாலோருக்கு அன்று வாக்கே இல்லை. சொத்துவரி கட்டியவருக்கும் நிலவரி கட்டியவருக்கும் வாக்கு இருந்தது. நிலமே இல்லாதவன் நிலவரிக்கு எங்கே போவான்?

அவருக்கு இளையவர், பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம். சி. ராஜா. ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். இவ்விருவரும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்தினர் அல்லர். ஆனால் 1932 செப்டம்பர் 24 அன்று புனாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் இருவர் பெயரும் உள்ளன. நாடு முழுவதையும் கட்டிய அந்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்களில் இருவர், நம் பேருந்துகள் ஓடும் தூரத்திற்குள் பிறந்தவர்கள் என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அவ்வுடன்படிக்கைக்கு முன்பு அவ்வாண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டது. அதன்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு வாக்குகள்: தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்க ஒன்று, பொதுத் தொகுதியில் மற்றவரோடு சேர்ந்து அளிக்க ஒன்று. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். அண்ணல் அம்பேத்கர் தனி வாக்குரிமையை விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு 30. இடம் நமக்கு, ஆனால் வாக்கு எல்லோருக்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். இன்றைய தனித் தொகுதியின் வேர் இதுதான்.

இந்த ஏற்பாட்டின் நிறையையும் குறையையும் ஒருங்கே காண வேண்டும். நிறை வெளிப்படையானது, சட்டமன்றத்தில் நம்மவர் இல்லாத நாள் இனி இராது. ஆதிதிராவிடர் குலத்தவரான ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1946-இல் சென்னைச் சட்டமன்றத்தின் பேரவைத் தலைவராக அமர்ந்தார். குறையோ கணக்கில் மறைந்து கிடக்கிறது. தனித் தொகுதியிலும் நம் மக்கள் சிறுபான்மையினரே. நம் நூறு பேரில் தொண்ணூறு பேர் விரும்பும் ஒருவரை, மற்றவர் அனைவரும் சேர்ந்து தோற்கடிக்க முடியும். நம்மில் பத்துப் பேருக்கே பிடித்த ஒருவரை, மற்றவர் அனைவரும் சேர்ந்து நம் பிரதிநிதி ஆக்கவும் முடியும்.

இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரே உதாரணம் ஆனார். 1952-ஆம் ஆண்டு முதல் பொதுத் தேர்தலில் வடபம்பாயில் அண்ணல் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கர். அவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே. கஜ்ரோல்கர் பெற்றது 1,38,137 வாக்குகள். அண்ணல் பெற்றது 1,23,576. 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் அவர் தோற்றார். மக்களவைக்கு அவர் ஒரு நாளும் தேர்தலில் வென்று போகவில்லை. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். சிலை இத்தனை இருக்க, தோல்வி எப்படி என்பது அவர்கள் ஐயம்.

அந்நாளில் சில தொகுதிகளில் இரண்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒன்று பொது இடம், மற்றொன்று ஒதுக்கப்பட்ட இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. இந்த இரட்டை உறுப்பினர் முறையில் 1957-இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. ஆந்திரத்துப் பார்வதிபுரம் தொகுதியில் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி பொது இடத்துக்கு நின்றார். வாக்குகளை எண்ணியபோது முதல் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்கள் பெற்றிருந்தனர். ஒருவர் ஒதுக்கப்பட்ட இடத்தையும், மற்றொருவரான திப்பல சூரி தோரா பொது இடத்தையும் வென்றதாக அறிவிக்கப்பட்டது. கிரி உச்ச நீதிமன்றம்வரை போனார். 1959-இல் நீதிமன்றம் தோராவின் வெற்றி செல்லும் என்றது. பழங்குடியினர் ஒருவர் பொது இடத்துக்கும் உரியவரே, அதிக வாக்குப் பெற்றால் அதனைப் பெறுவதைத் தடுக்க ஒன்றுமில்லை என்பது அத்தீர்ப்பின் பொருள். 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. இரண்டு இடத்தையும் அவர்களே கொண்டுபோகலாம் என்னும் நிலை பலருக்கு உறக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று நான் கருதுகிறேன், கருத்து என்னுடையது.

இனி நம் தொகுதிக்கு வருவோம்.

ஒரு மாநிலத்தில் எத்தனை தனித் தொகுதிகள் என்பதை அம்மாநிலத்து மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் பங்கு முடிவு செய்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 இடங்கள். முன்பு அவற்றுள் 42 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு இருந்தன. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் பங்கு நூற்றுக்கு 19 என்று கண்டனர். 234-ஐ 19-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 44 சொச்சம் வரும். நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த மறுவரையறை ஆணையம் 44 என்று வகுத்தது. அது 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ஆக, மாநில அளவில் நமக்கு இரண்டு இடம் கூடிற்று.

ஆனால் எந்தத் தொகுதி தனித் தொகுதி என்பது வேறு கணக்கு. நம் மக்கள் விகிதம் மிகுந்த பகுதிகளைத் தேடி, அதே சமயம் மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவியிருக்கும்படி, அவற்றை ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் எல்லைக் கோடுகள் அழித்து வரையப்பட்டன. திருப்பெரும்புதூர் தனித் தொகுதியாகத் தொடர்ந்தது. அச்சிறுபாக்கம் என்னும் தனித் தொகுதி மறைந்தது. செய்யூரும் மதுராந்தகமும் தனித் தொகுதிகள் ஆயின. திருப்போரூர் பொதுத் தொகுதி ஆயிற்று. யாரோ சதி செய்து பறித்தார்கள் என்று அன்று தேநீர்க் கடைகளில் பேசப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் சிறுசேரியிலும் நாவலூரிலும் படூரிலும் அடுக்குமாடிகள் எழுந்து, புதியவர்கள் வந்து குடியேறும்போது, நம் விகிதம் தானே குறைகிறது. நாம் குறையவில்லை, பிறர் கூடுகின்றனர். இந்தப் போக்கு நிற்கப் போவதில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நம் திருப்போரூர் அடங்கிய காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி 2009 முதல் தனித் தொகுதி. கேளம்பாக்கத்துக்காரன் தில்லிக்கு ஒருவரை அனுப்பும்போது தனித் தொகுதியில் வாக்களிக்கிறான். கோட்டைக்கு ஒருவரை அனுப்பும்போது பொதுத் தொகுதியில் வாக்களிக்கிறான். விரலில் வைக்கும் மை மட்டும் ஒன்று.

திருப்போரூரின் முடிவுகளை வரிசையாகப் பாருங்கள். 1989-இல் தி.மு.க.வின் சொக்கலிங்கம். 1991-இல் அ.தி.மு.க.வின் தனபால். 1996-இல் மீண்டும் சொக்கலிங்கம். 2001-இல் அ.தி.மு.க.வின் கனிதா சம்பத். பெண்மணி ஒருவர் இங்கே வென்றது குறிப்பிடத்தக்கது. 2006-இல் தி.மு.க. அணியில் நின்ற பா.ம.க.வின் மூர்த்தி. இதுவரை தனித் தொகுதி. பொதுத் தொகுதி ஆனபின் 2011-இல் அ.தி.மு.க.வின் மனோகரன், 2016-இல் அதே கட்சியின் கோதண்டபாணி. 2021-இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் எஸ். எஸ். பாலாஜி.

இந்த எட்டுப் பொதுத் தேர்தல்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு, கண்டுபிடித்தீர்களா? ஒவ்வொரு முறையும் கோட்டையில் ஆட்சி அமைத்த அணியின் வேட்பாளரே இங்கே வென்றிருக்கிறார். ஒருமுறைகூடத் தவறவில்லை. தனித் தொகுதியாக இருந்தபோதும் அப்படி. பொதுத் தொகுதி ஆனபோதும் அப்படி. மாநிலத்தில் வீசும் காற்றே இங்கும் வீசியிருக்கிறது. தனித் தொகுதி என்பதனால் நம் மக்களின் தனிக் குரல் அங்கே கேட்டது என்று சொல்ல இந்த முடிவுகள் இடம் தரவில்லை. வென்றவர் நம்மவராக இருந்தார். வெற்றியைத் தந்தது அணியின் காற்று. இதைச் சொல்வதால் தனித் தொகுதி வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எழுதிவிட வேண்டாம். காற்று எப்பக்கம் வீசினாலும் நம்மவர் ஒருவர் சட்டமன்றத்திற்குள் போய்ச் சேர்ந்தார் அல்லவா? பொதுத் தொகுதியில் அந்த உறுதி இல்லை.

2016 தேர்தலில் கோதண்டபாணிக்குக் கிடைத்தவை 70,215 வாக்குகள். தி.மு.க.வின் விசுவநாதனுக்கு 69,265. வேறுபாடு 950. அதன்பின் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆளுங்கட்சிக்குள் பிளவு ஏற்பட்டு, 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் தனபால் 18 உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். அவர்களுள் நம் தொகுதி உறுப்பினரும் ஒருவர். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்றது. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்து தி.மு.க.வின் இதயவர்மன் வென்றார். இடையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் திருப்போரூருக்குச் சட்டமன்ற உறுப்பினரே இல்லை. அந்த நாள்களில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று நம் பெண்கள் அலைந்ததை நான் அறிவேன்.

அடுத்து 2021. அந்தத் தேர்தலை மட்டும் நான் விரிவாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது ஆறி அடங்கிய தேர்தல் என்பதே. சூடு ஆறாத முடிவை மேடையில் வைத்தால் அது பாடம் ஆகாது, வழக்கு ஆகும்.

அத்தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி தி.மு.க. அணியில் ஆறு இடங்களில் பானைச் சின்னத்தில் நின்றது. நான்கில் வென்றது: காட்டுமன்னார்கோயில், செய்யூர், நாகப்பட்டினம், திருப்போரூர். முன்னிரண்டும் தனித் தொகுதிகள். பின்னிரண்டும் பொதுத் தொகுதிகள். திருப்போரூரில் பாலாஜி பெற்றவை 93,954 வாக்குகள். அவரை எதிர்த்து அ.தி.மு.க. அணியில் நின்ற பா.ம.க.வின் ஆறுமுகம் பெற்றவை 92,007. வேறுபாடு 1,947.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தனித் தொகுதி என்னும் பெயரை இழந்த இடத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் போராட்டத்தில் பிறந்த ஒரு கட்சி, தன் சொந்தச் சின்னத்தில், பொதுத் தொகுதியில் வென்றது. அன்று இரவு சில தெருக்களில் பானைகள் உடைந்தன. மகிழ்ச்சியில் உடைந்த பானைகள். சின்னத்தையே உடைக்கிறீர்களே என்று ஒரு கிழவியார் கடிந்துகொண்டதும் நினைவுக்கு வருகிறது.

மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணை நாம் சரியாகப் படித்தோமா? 1,947 என்பதன் பொருள், 974 பேர் மனம் மாறி எதிர்ப்பக்கம் வாக்களித்திருந்தால் முடிவு தலைகீழ் ஆகியிருக்கும் என்பது. இதே கட்சியின் தலைவர் தொல். திருமாவளவன் 2016-இல் காட்டுமன்னார்கோயிலில் 87 வாக்குகளில் தோற்றார் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுங்கள். அங்கே 44 பேர் போதும். நம் கழகத்தின் மாலை வகுப்பு ஒன்றில் இருக்கும் தலைகள் அவை.

"பொதுமக்கள் நம்மை ஏற்றுக்கொண்டு விட்டனர், சாதி ஒழிந்தது" என்று எவரும் இந்த எண்ணிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். அணியின் பலம், ஆட்சி மாற்றத்தை நாடிய மனநிலை, சிறுபான்மை மக்களின் ஆதரவு என்பன எல்லாம் 93,954-க்குள் இருக்கின்றன. அதுபோலவே 92,007 பேரும் நமக்குப் பகைவர் என்று எவரும் எண்ண வேண்டாம். அவர்களிலும் நம்மவர் உண்டு. கட்சிப் பற்றினால் இரட்டை இலை அணிக்கு வாக்களித்த நம் அண்ணன் தம்பிகள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் நமக்கு வேலை கொடுப்பவரும், நம்மோடு சித்தாள் வேலைக்கு வருபவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். பொதுத் தொகுதியில் வெல்ல விரும்புவோர் அவர்களோடு பேசியே ஆக வேண்டும்.

இனி நான் பேச விரும்புவது வாக்காளர் பட்டியலைப் பற்றி. ஆசிரியராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி அலுவலராகப் பணியாற்றினேன். ஒரு தேர்தலில், வேறோர் ஊரில், உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர் காலை எட்டு மணிக்கே வந்து வரிசையில் நின்றார். கையில் வாக்காளர் அடையாள அட்டை. துணியில் சுற்றி வைத்திருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. வீடு மாறிப் போனார் என்று யாரோ எழுதிக் கொடுத்து நீக்கியிருந்தனர். அவர் மாறியது ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு. "அட்டை இருக்குதே சாமி" என்று அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டியலில் பெயர் இல்லாதவரை அட்டை காப்பாற்றாது என்று அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவர் அட்டையை மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டு போனார். பல ஆண்டுகள் கழிந்தும் அந்தத் துணியின் நிறம் எனக்கு மறக்கவில்லை.

நம் மக்கள் வாடகை வீட்டில் இருப்போர், செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் மாதக்கணக்கில் வெளியூர் போவோர், ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்து அப்புறப்படுத்தப்பட்டு வேறிடத்தில் குடியமர்த்தப்படுவோர். கதவைத் தட்டும்போது வீட்டில் இல்லாதவர் பெயர்தான் முதலில் போகும். 2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவத்தை நிரப்பிக் கொடுக்காதவர் பெயர் வரைவுப் பட்டியலில் இடம்பெறாது என்று அறிவித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் படிவம் ஒரு மதில். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8, ஒருவர் பெயரை நீக்கக் கோருவதற்குப் படிவம் 7. இளைஞர்களே, இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்யுங்கள். குறிப்பாக 7-ஐ; யார் அதைக் கொடுக்கிறார்கள் என்று விழித்திருந்து பாருங்கள்.

இன்னொன்று. வாக்குப்பதிவு நாளில் தினக்கூலித் தொழிலாளிக்கும் ஊதியத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. கூலிக்குப் பயந்து வாக்கை விடுவோர் இதை அறிந்துகொள்ள வேண்டும். அறிந்து கேட்டால் மறுநாள் வேலை போகுமே என்பீர்கள். உண்மைதான், அதற்கு என்னிடம் எளிய விடை இல்லை. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் போகாது என்பது மட்டும் என் அனுபவம்.

தேர்தல் முடிந்தபின் செய்ய வேண்டியதையும் சொல்லி விடுகிறேன். இதனை அநேகமாக எவரும் செய்வதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் சாவடிவாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பதைக் காட்டும் ஆவணம் வெளியாகிறது. படிவம் 20 என்று பெயர். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைக் காணலாம். நம் தெருக்களுக்குரிய சாவடிகளில் எத்தனை பேர் வந்தனர், வாக்கு எப்படிப் பிரிந்தது என்பது அதில் தெரியும். வேட்பாளர்களின் ஆட்கள் அதை வரி வரியாகப் படிக்கிறார்கள். நம் வாக்கை நம்மைவிட அவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதனை மறைக்கக் கூடாது. சீட்டில் முத்திரை குத்திய காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் முறை இருந்தது. எந்தத் தெரு எப்படி வாக்களித்தது என்று எவருக்கும் தெரியாது. 2001 சட்டமன்றத் தேர்தல் முதல் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தது. இயந்திரம் சாவடிக்குச் சாவடி தனித்தனியே எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது. ஊர் வேறு, காலனி வேறு, சாவடியும் வேறு என்று இருக்கும் நம் நாட்டில், காலனிச் சாவடியின் எண்ணிக்கை வெளிவந்தால், தனி மனிதனின் வாக்கு இரகசியமாக இருந்தாலும் காலனியின் வாக்கு இரகசியமாக இராது. "எங்களுக்குப் போடவில்லை அல்லவா, உங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் எதற்கு?" என்று கேட்க அது வழிசெய்யும். பல இயந்திரங்களின் வாக்கைக் கூட்டி மொத்தமாகக் காட்டும் கருவியைக் கொண்டுவரத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. நம்மைப் போன்ற கழகங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது. நினைவு மண்டபம் கேட்கிறோம், சிலை கேட்கிறோம். இதைக் கேட்டவரை நான் கண்டதில்லை.

தனித் தொகுதிகள் நிலையானவை என்று நினைத்துக்கொண்டிருப்போருக்கும் ஒரு சொல். அரசியல் சட்டம் முதலில் பத்தாண்டுகளுக்கே இந்த ஒதுக்கீட்டைத் தந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அதனை நீட்டித்து வருகிறது. 2019-இல் நிறைவேறிய 104-ஆம் திருத்தத்தின்படி அதன் எல்லை 2030 ஜனவரி. கல்வியிலும் வேலையிலும் உள்ள ஒதுக்கீட்டுக்கு இப்படிக் கெடு எதுவும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவோர் மிகுதி. மேலும் 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நம் பங்கு நூற்றுக்கு 20 ஆயிற்று. அதன்படி கணக்கிட்டால் 44 அன்று, 47 அளவில் தனித் தொகுதிகள் வர வேண்டும். தொகுதிகள் 2001-ஆம் ஆண்டுக் கணக்கின்மேல் அமைந்தமையால் அது வரவில்லை. அடுத்த கணக்கெடுப்பை 2027-இல் முடிக்க அரசு 2025-இல் அறிவிப்புச் செய்தது. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது சாதியின் பெயரைச் சொல்ல நம் படித்த பிள்ளைகள் சிலர் கூசுகிறார்கள். அடுக்குமாடியில் குடியேறியவர்கள் மேலும் கூசுகிறார்கள். கூச்சத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கூச்சத்தை ஒதுக்கி வையுங்கள். அந்த எண்ணிலிருந்துதான் இடங்கள் பிறக்கின்றன.

அந்த மாணவன் இப்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். அவன் பெயரைச் சொல்லி அவனைக் கூச வைக்க மாட்டேன். கடந்த மூன்று வாரங்களாக அவனும் அவன் தோழர்கள் நால்வரும் சேர்ந்து 2021 தேர்தலின் படிவம் 20-ஐ இணையத்திலிருந்து எடுத்து, கேளம்பாக்கத்துச் சாவடிகளை மட்டும் தனியே பிரித்து, தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். கூட்டலில் ஓரிடத்தில் பிழை இருந்தது, நேற்றிரவு திருத்தினோம். அந்தத் தாள்கள் நூலக அறையில் நீள மேசைமேல் உள்ளன. பக்கத்தில் படிவம் 6-உம் 8-உம் ஒரு கட்டு இருக்கின்றன. எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தி முதல் வரிசை முடிய அரை மணி ஆகும் என்கிறார்கள். அதுவரை அந்த அறையில் உங்களைக் காண்கிறேன்.